மாலை ஐந்து மணிக்கு வந்தவரின் கூலி

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதி ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் தினக்கூலிப் பெண்களே அவற்றில் மிகுதி. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. முதிர்ந்ததை மட்டும் பறித்துப் பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். கண்ணும் விரலும் முதுகும் ஒருசேர உழைக்கும் இந்த வேலையில் வயது ஏற ஏறக் கை பின்தங்கும்.

கிறிஸ்தவச் சீடத்துவம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஜீப்புகளே நினைவுக்கு வருகின்றன. காரணம், மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் உவமை. திராட்சைத் தோட்ட உரிமையாளர் ஒருவர் அதிகாலையில் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். பகலிலும் சந்தைவெளிக்குச் சென்று ஆள் சேர்க்கிறார். பதினோராம் மணி வேளையிலும், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கும், சிலர் நிற்கிறார்கள். எவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். இறுதியில் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். வெயிலைச் சுமந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

காலம் கடந்து மனம் திரும்புவோருக்கும் மீட்பு உண்டு என்பதே இதற்கு ஆலயங்களில் வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அது தவறன்று, ஆனால், கூலியைப் பற்றிய கதையிலிருந்து கூலியை அகற்றிவிட்டு அன்பை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அதில் குறைந்தால் அன்றிரவு ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. கடவுளின் அன்பு இங்கே அரிசியின் அளவில் பேசுகிறது.

இந்த உவமையின் சொற்களையே தலைப்பாக்கி ஜான் ரஸ்கின் 1860-இல் பொருளியல் கட்டுரைகளை எழுதினார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் அந்நூலைப் படித்த காந்தி, பின்னர் அதன் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்று எழுதினார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, தணிக்கையாளர் தொழிலைத் துறந்து காந்தியுடன் இணைந்த ஜே.சி. குமரப்பா, சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனையை அன்றாட வாழ்வோடு பொருத்தி ஒரு நூல் எழுதினார். இறுதி ஆண்டுகளை அவர் கழித்த தே.கல்லுப்பட்டி, போடியிலிருந்து தொலைவிலில்லை.

2019-இல் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை விலைபோனது. அத்தகைய ஆண்டிலும் சரி, விலை சரிந்த ஆண்டிலும் சரி, ஞாயிறன்று இந்த உவமையைக் கேட்கும் தோட்ட உரிமையாளரோ வணிகரோ, திங்களன்று ஆள் குறைக்கும்போது முதலில் யாரை நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய சீடத்துவம் தெரியும் என்பது என் எண்ணம்.

எல்லாருக்கும் ஒரே கூலி என்றால் மறுநாள் காலையில் யார் வருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், உவமையில் முதலில் வந்தவரின் கூலியிலிருந்து ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. பேசியது முழுவதும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. கூடுதல் செலவெல்லாம் உரிமையாளரின் பையிலிருந்தே போகிறது.