அளந்து போட்ட முதல்
(இல்லத்தொழில் நடத்தும் தாய்மார்க்குரிய கணக்குகள்)

முன்னுரை

தொழில் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன ஆலைகளும் அங்காடிகளுமே. ஆயின், விடியற்காலையில் இடியாப்பம் அவித்து அண்டை வீடுகளுக்கு அனுப்பும் தாயும், பிள்ளைகள் உறங்கிய பின்னர்த் தையற்பொறியின் முன் அமரும் தாயும் தொழில் முனைவோரே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் ஊர்களில் கணவரை இழந்தோர், கணவரின் வருவாய் போதாதோர், சபுராளி அனுப்பும் பணம் காலந்தாழ்ந்து வரும் இல்லத்தோர் எனப் பலருடைய அடுப்பை அணையாமல் காப்பது இத்தகைய சிறுதொழிலேயாகும்.

இத்தொழில்களுள் பல, சரக்கு நன்றாக இருந்தும், வாங்குவோர் இருந்தும், ஓராண்டு நிறைவதற்குள் நின்றுவிடுகின்றன. உழைப்புக் குறைவு இதற்குக் காரணமன்று. கணக்குக் குறைவே காரணம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. குறைந்த முதலுடைய தாய் எவற்றை அளக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூலியும் தொழிலும்

வீட்டிலிருந்தபடியே பொருளீட்டுவதில் இருவகை உண்டு. மூலப்பொருளைப் பிறர் கொடுக்க, உழைப்பை மட்டும் தந்து எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவது ஒன்று. நெல்லை, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் பெண்கள் பீடி சுற்றுவது இவ்வகையினது. மூலப்பொருளைத் தாமே வாங்கி, ஆக்கி, விலை வைத்து விற்பது மற்றொன்று. முன்னதில் இழப்பு அச்சம் குறைவு. ஆயினும் விலை கூறும் உரிமை இல்லை. பின்னதில் உரிமை உண்டு. இழப்பையும் தானே ஏற்க வேண்டும்.

புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். கோரையை நுண்ணிதாகக் கிழித்துச் சாயமேற்றிப் பட்டுப்போல் நெய்யும் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவோருள் முஸ்லிம் பெண்கள் பெரும்பங்கினர். கோரையையும் சாயத்தையும் தன் பணத்தில் வாங்கி நெய்பவள் பாய்க்கு விலை கூற முடியும். வணிகரிடம் முன்பணம் பெற்று நெய்பவள் அவர் கூறும் விலைக்கே தலையசைக்க வேண்டும். இருவரின் கைத்திறனும் ஒன்றே. வேறுபடுவது கைம்முதலே.

இதனை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியது வங்கதேசத்தின் ஜோப்ரா என்னும் சிற்றூர். 1976-ஆம் ஆண்டு, சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ், அவ்வூரில் வட்டிக்காரரிடமும் வணிகரிடமும் கட்டுண்டு கிடந்த ஏழைகளைக் கணக்கெடுத்தார். 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட முதல் 856 டாக்கா மட்டுமே என அறிந்து திகைத்து, அத்தொகையைத் தாமே கொடுத்தார். மூங்கில் முக்காலி முடையும் பெண்கள், மூங்கில் வாங்கும் சில காசுகளுக்காக, முடைந்த முக்காலியைக் கடன் தந்தவருக்கே அவர் வைத்த விலையில் விற்று வந்தனர். அவ்வூரில் தொடங்கிய முயற்சியே 1983-இல் கிராமீன் வங்கியாக உருப்பெற்றது; 2006-இல் யூனுஸ் அவர்களுக்கும் அவ்வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

அடக்க விலை காணல்

இனி, ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். இதிலுள்ள விலைகள் விளக்கத்திற்காக வைக்கப்பட்டவை. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுதல் வேண்டும்.

ஒரு தாய் ரூ.5,000 முதலுடன் இடியாப்பத் தொழில் தொடங்குகிறாள் எனக் கொள்வோம். உரல், தட்டு, அவிக்கும் பாத்திரம் முதலியவற்றுக்கு ரூ.4,000 செலவாகிறது. மீதி ரூ.1,000 அன்றாடச் சரக்கு வாங்குவதற்கு. நாளொன்றுக்கு 100 இடியாப்பம் அவிக்கிறாள். மாவு இரண்டரைக் கிலோ, கிலோ ரூ.60 வீதம் ரூ.150, எரிபொருள் ரூ.50, உப்பு, எண்ணெய், தேங்காய் ரூ.20, இலையும் பொட்டலத் தாளும் ரூ.20. ஆக ரூ.240. ஒன்று ரூ.5 வீதம் நூறும் விற்றால் ரூ.500. எனவே, நாள்தோறும் ரூ.260 இலாபம் என அவள் மகிழ்வாள்.

இம்மகிழ்ச்சி முழுமையானதன்று. முதலாவது, நூறும் நாள்தோறும் விற்பதில்லை. பத்து எஞ்சுமாயின் வரவு ரூ.450-ஆகக் குறையும். இரண்டாவது, பாத்திரங்கள் தேய்வன. மாதம் 25 நாள் வேலையென்றால் ஈராண்டில் 600 நாள்; ரூ.4,000-ஐ அந்நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.7. இதனை எடுத்து வையாதவள், உரல் உடையும் நாளில் கடன் வாங்குவாள். மூன்றாவது, எவரும் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது தாயின் கூலி. நான்கு மணி நேர உழைப்புக்கு மணிக்கு ரூ.40 எனக் குறைவாகவே மதித்தாலும் ரூ.160 ஆகும்.

இவற்றைக் கூட்டினால் அடக்கம் 240 + 7 + 160 = ரூ.407. ஓர் இடியாப்பத்தின் அடக்க விலை ரூ.4.07. வரவு ரூ.450-இல் இது போக எஞ்சும் தூய இலாபம் ரூ.43 மட்டுமே. ரூ.260 எங்கே, ரூ.43 எங்கே! "வீட்டில் சும்மா இருப்பவள்தானே" என்னும் எண்ணத்தால் தாயின் கூலியை எழுதாது விடுவோர், அவள் உடல் தேய்வதையே இலாபமெனக் கொண்டாடுகின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இக்கணக்கு வழியையும் காட்டுகிறது. எஞ்சிய பத்தும் விற்றுவிட்டால் இலாபம் ரூ.43-இலிருந்து ரூ.93 ஆகிறது. அஃதாவது இருமடங்கிற்கும் மேல். எனவே, அளவைப் பெருக்குவதற்கு முன் மீதத்தைக் குறைக்க வேண்டும். முந்தின இரவே எந்த வீட்டுக்கு எத்தனை எனக் கேட்டு எழுதிக்கொண்டு அவிப்பதற்குக் காசு செலவில்லை.

இரண்டு பைகள்

இல்லத்தொழிலின் பெரும் பகை, இல்லமும் தொழிலும் ஒரே பணப்பையைப் பயன்படுத்துவதாகும். விற்ற பணத்திலிருந்து பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும், மருந்து வாங்குவதும், விருந்தினர்க்குக் கறி வாங்குவதும் இயல்பாக நிகழும். அவை யாவும் நியாயமான செலவுகளே. ஆயின், மறுநாள் மாவு வாங்கும் பணம் அவற்றுடன் போய்விட்டால் முதலுக்கே மோசம் வந்துவிடும்.

ஆகவே இரண்டு பைகள் தேவை. விற்ற பணம் முழுவதும் முதலில் தொழிற்பையில் சேர வேண்டும். மறுநாள் சரக்குக்கும் பாத்திரத் தேய்வுக்கும் உரியதை அதில் நிறுத்தி, தாயின் கூலியை மட்டும் வீட்டுப் பைக்கு மாற்ற வேண்டும். பிள்ளைகள் உண்ட பத்து இடியாப்பத்துக்கும் வீட்டுப் பையிலிருந்து அடக்க விலையையேனும் தொழிற்பைக்குச் செலுத்துதல் நன்று. தாயே தாய்க்குக் காசு கொடுப்பதா என நகைக்க வேண்டா. எது தொழிலின் தேய்வு, எது குடும்பத்தின் செலவு என அறிய இதுவன்றி வேறு வழியில்லை.

கடன் கொடுத்தலும் கடன் வாங்கலும்

அண்டை அயலாரிடம் விற்கும்போது "மாதக் கடைசியில் தருகிறேன்" என்னும் சொல் தவறாமல் வரும். மேற்கூறிய தாய் நாள்தோறும் 20 இடியாப்பத்தைக் கடனாகக் கொடுத்தால், கைக்கு வருவது ரூ.350. செலவு ரூ.240 போக ரூ.110 எஞ்சும். அவள் கூலியே ரூ.160 ஆதலின், அதுவும் தேறாது. மாத முடிவில் வெளியே நிற்கும் பணம் ரூ.2,500. அஃது அவள் முதலில் சரிபாதி. முகத்தாட்சணியத்தை முற்றிலும் விலக்க இயலாதாயினும், ஒரு வீட்டுக்கு ஒரு வாரக் கடனுக்கு மேல் இல்லை என எல்லை வகுத்து, ஏட்டில் எழுதி, இருவரும் காணுமாறு வைத்தல் உறவையும் காக்கும், தொழிலையும் காக்கும்.

இனி, கடன் வாங்குதல். தண்டல் முறையில் ரூ.5,000 என எழுதிக்கொண்டு ரூ.4,250 மட்டும் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு ரூ.50 வீதம் நூறு நாள் வசூலிப்பதைக் காண்கிறோம். தொழில் தரும் தூய இலாபமோ ரூ.43. தவணையோ ரூ.50. அன்றியும், தொழில் மாதம் 25 நாளே நடக்கும். தவணை முப்பது நாளும் வரும். இலாபம் ரூ.1,075, தவணை ரூ.1,500. குறையும் ரூ.425 தாயின் கூலியிலிருந்து, அஃதாவது பிள்ளைகளின் தட்டிலிருந்து, எடுக்கப்படுகிறது. அளவுமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இதே ரூ.5,000, மாதம் ரூ.500 வீதம் பத்து மாதத்தில் திருப்பும் வட்டியில்லாக் கடனாகக் கிடைக்குமாயின், தவணை இலாபத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நம் ஊர்கள் சிலவற்றில் பைத்துல்மால் வாயிலாக இத்தகைய கடன் வழங்கப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டுச் சேமிப்பிலிருந்தும் சிறுகடன் பெறலாம். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய முயற்சியிலிருந்தே இக்குழுக்கள் மாநிலமெங்கும் பரவின. 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில், வங்கிகள் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் வழங்குகின்றன. அதற்கு வட்டி உண்டு. எவ்வகைக் கடனாயினும், தவணை இலாபத்தினும் சிறிதாக இருத்தல் வேண்டும் என்பதே அளவுகோல்.

சட்டமும் தூய்மையும்

உணவு விற்போர், வீட்டில் ஆக்குவோராயினும், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவெண் வாங்குவோர்க்கு நம்பிக்கையும் தரும். சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு 2020 முதல் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டா. எரிவாயுவில் 14.2 கிலோ உருளை வீட்டுச் சமையலுக்கே உரியது. விற்பனைக்கு ஆக்குவோர் வணிக உருளையையே பயன்படுத்த வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது விலை வைப்போரின் கணக்கு பின்னர்ப் பிழைபடும்.

எண்பது ரூபாய் தரும் பாடம்

1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள், சமூகத் தொண்டர் சகன்லால் கரம்சி பாரேக் அவர்களிடம் எண்பது ரூபாய் கடன் பெற்று, தங்கள் குடியிருப்பின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல் நாள் ஆக்கியவை நான்கு பொட்டலங்களே. இழப்பு நேரினும் நன்கொடை கேட்பதில்லை எனவும், கணக்கை ஒழுங்காக எழுதுவதெனவும் உறுதி பூண்டனர். முதலாண்டு விற்பனை ரூ.6,196. அதுவே இன்று நாடறிந்த லிஜ்ஜத் அப்பளம். பிசைந்த மாவை வாங்கிச் சென்று, தத்தம் வீட்டில் அப்பளமிட்டு, மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெறும் பெண்களே அந்நிறுவனத்தின் உரிமையாளரும் ஆவர். தொடங்கிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்தி பென் ஜம்னாதாஸ் போபட் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர்கள் வாங்கிய கடன் சிறிது; அதனினும் சிறிதாகத் தொடங்கினர்; கணக்கை மட்டும் பெரிதாகக் கொண்டனர். கூலி, தொழில் என முன்னர்க் கண்ட இருவகையையும் அவர்கள் ஒன்றாக்கினர். கூலி பெறுபவளே உரிமையாளராகவும் ஆனாள். நம் ஊர்த் தெருவொன்றில் தனித்தனியே உழைக்கும் ஐந்து தாய்மார் கூடி மொத்தமாக மாவு வாங்கினால், அவ்வழியில் முதலடி எடுத்து வைத்தோராவர்.

முடிவுரை

இல்லத்தொழில் நடத்தும் தாய் எவரிடமும் இரக்கத்தை எதிர்பார்க்கவில்லை. அவள் வேண்டுவன அளந்த முதலும், காலத்தில் வரும் விலையுமே. மாணவச் செல்வங்களே! நும் கல்விக் கட்டணத்தில் அன்னையின் கூலியும் கலந்திருக்கலாம். நாள்தோறும் கால்மணி நேரம் அவர் அருகமர்ந்து வரவு செலவை எழுதிக் கொடுங்கள். நீவிர் கற்ற கணக்கு முதலில் வீட்டுக்குப் பயன்படட்டும். சமுதாயப் பெரியோர்களே! ஊரில் ஒரு தாய்க்கு ஐயாயிரம் ரூபாய் வட்டியின்றிக் கிடைக்க வழி செய்யுங்கள். அவர் திருப்பித் தந்ததும் அடுத்த தாய்க்கு அது செல்லட்டும். வாங்கி உண்போரே! அன்றைய காசை அன்றே கொடுங்கள். அவள் அடுப்பு நாளையும் எரிவதற்கு அதுவே துணையாகும்.