அடம்பிடிக்கும் எண்ணெய் ஆணி

பல்கலைக்கழக மாணவர் பலர் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கி, எண்ணெய் மாற்றும் வேலையைத் தாங்களே செய்துகொள்ள முற்படுகின்றனர். செலவு குறையும், நல்ல பழக்கமும்கூட. ஆனால், பலரை முதல் படியிலேயே தடுத்து நிறுத்துவது இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் ஆணிதான். அது அசைய மறுக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலையின் ஆறு முனைகளும் தேய்ந்து வட்டமாகிவிடும். பிறகு ஸ்பேனர் வழுக்கும்.

ஏன் இப்படி இறுகுகிறது?

பெரும்பாலான சிறிய மகிழுந்துகளில் இந்த ஆணிக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரைக் கிடையாகப் பிடித்து, அதன் நுனியில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் அளவு அது. காற்றழுத்தத் துப்பாக்கியால் அவசரமாக முடுக்கும்போது இந்த அளவு எளிதில் மீறப்படுகிறது. தேய்ந்த வாஷரையே மீண்டும் போட்டு, கசிவை நிறுத்த மேலும் இறுக்குவதும் மற்றொரு காரணம்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகள் கட்டாயம். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும்.

படிப்படியான வழிகள்

1. ஆணியின் தலையை நேராகப் பார்த்தபடி இடப்புறமாகத் திருப்ப வேண்டும். படுத்துக்கொண்டு வேலை செய்கையில் திசை குழம்பி, மேலும் இறுக்கிவிடுவோர் உண்டு.

2. தலையைத் துடைத்துவிட்டு, சரியான அளவுள்ள ஆறுமுனை சாக்கெட்டை முழுமையாகப் பொருத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் ஓரங்களை மட்டுமே பிடிப்பதால் விரைவில் தேய்த்துவிடும்.

3. முதல் முறை வழுக்கியதும் நிறுத்துங்கள். சற்றே சிறிய ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். 17 மில்லிமீட்டர் தலைக்கு 16, 14க்கு 13. தட்டும் அதிர்ச்சியே சில வேளைகளில் பிடிப்பைத் தளர்த்திவிடும். தொட்டி அலுமினியமாக இருந்தால் ஓங்கி அடிக்க வேண்டாம், விரிசல் விடும்.

4. அதுவும் வழுக்கினால், தேய்ந்த ஆணிகளுக்கென்றே விற்கப்படும், உட்புறம் சுருள் பற்கள் கொண்ட சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். திருகத் திருக அது தலையை மேலும் இறுகப் பற்றும்.

நெருப்பைக் காட்டிச் சூடேற்றுவது அறவே கூடாது. எண்ணெய் தீப்பற்றும்.

எப்போது கைவிடுவது?

ஆணி கழலாத வரை எண்ணெய் உள்ளேயேதான் இருக்கிறது. கசிவு இல்லை, அளவுக்கோலில் எண்ணெய் மட்டமும் சரி என்றால் வண்டியைப் பட்டறைக்கே ஓட்டிச் செல்லலாம். ஆகவே, ஆணி வெளியே வருமுன் வடிகட்டியைத் தளர்த்தாதீர்கள். உளியால் வெட்டித் திருப்புவதும், தலையில் நட்டு வைத்துப் பற்றவைப்பதும் அனுபவசாலிகளின் வேலை. ஆணியின் விலை சில ரிங்கிட்டே. தொட்டியின் மரை போனாலோ செலவு பன்மடங்கு.

கழற்றிய பழைய ஆணியை மீண்டும் போடாதீர்கள். புதிய ஆணியைப் புதிய வாஷருடன் முதலில் விரலால் ஏற்றி, பிறகு உரிய அளவு மட்டும் இறுக்குங்கள். புதிய எண்ணெய் ஊற்றி, இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு, கசிவு உண்டா எனப் பாருங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் ஒப்படையுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பது இந்தச் சிறு ஆணிக்கும் பொருந்தும்.