வக்கீல் அல்லாதவரிடம் கொடுத்த பீஸ்: திரும்பப் பெறுவது எப்படி?



பாகப்பிரிவினை, விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம், கடை வாடகைத் தகராறு என்று ஏதோ ஒரு தேவைக்காக நம் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போகின்றன. "நான் பார்த்துக்கிறேன் பாய், நீங்க அலைய வேணாம்" என்று ஒருவர் முன்வருகிறார். ஐயாயிரம், பத்தாயிரம் என்று பலமுறை வாங்குகிறார். அவர் வக்கீலே இல்லை என்பது காலம் கடந்த பின்தான் தெரியவருகிறது. "போனது போகட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

யார் வக்கீல்?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 33-ஆம் பிரிவுப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்யலாம். சட்டம் படித்திருந்தாலும் பதிவு இல்லையென்றால் அவர் வக்கீல் இல்லை. வக்கீலிடம் குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தவரும் வக்கீல் ஆகிவிட மாட்டார். உங்கள் பவர் பத்திரம் வைத்திருப்பவர் உங்களுக்காகக் கையெழுத்திடலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டி வக்கீலாக வாதாட முடியாது. தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் வேறொருவரைப் பேச அனுமதிக்கவும் 32-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

உரிமையின்றி இத்தொழில் செய்பவருக்கு 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

பீஸ் கேட்க அவருக்கு உரிமை இல்லை

சட்டம் தடுத்த வேலைக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 23-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே, "மீதி பீஸைக் கொடு, இல்லையென்றால் கேஸ் போடுவேன்" என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். வக்கீல் பீஸ் என்று கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போனால் சட்டம் அவருக்குத் துணை நிற்காது.

கொடுத்த பணத்துக்கு 65-ஆம் பிரிவு உதவும். ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால், அதனால் பலன் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் அவரை உண்மையான வக்கீல் என்று நம்பிக் கொடுத்திருப்பது முக்கியம். வக்கீல் இல்லை என்று தெரிந்தே கொடுத்திருந்தால் பணத்தை மீட்பது கடினம்.

முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள்

பணத்தைவிட இது அவசரம். வழக்கு உண்மையிலேயே தாக்கல் ஆகியிருக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது என்று கோர்ட் அலுவலகத்திலோ இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ பாருங்கள். நீங்கள் ஆஜராகாமல் உங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தால், அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு. தாமதமாகிவிட்டால் காரணத்தைச் சொல்லி, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு போட வேண்டும். பதிவு பெற்ற வக்கீல் ஒருவரை உடனே அமர்த்துங்கள்.

பணத்துக்கான படிகள்

1. ஆதாரம் சேருங்கள். ரசீது, பாஸ்புக், ஜிபே பதிவு, வாட்ஸ்அப் குரல் செய்தி, விசிட்டிங் கார்டு எல்லாம் உதவும். செய்திகளை அழிக்காதீர்கள், அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள்.

2. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதி, அவர் பெயரில் பதிவு உண்டா என்று கேளுங்கள். "பதிவு இல்லை" என்று எழுத்தில் வரும் பதில்தான் உங்கள் வலுவான சான்று.

3. பணத்தைத் திருப்பித் தரும்படி வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்.

4. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றிப் பணம் பறிப்பது 318(4)-இன் கீழும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 319-இன் கீழும் குற்றம். புகாரை ஏற்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அடுத்து மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.

5. போலீஸ் வழக்கு மட்டும் பணத்தைக் கொண்டுவந்து தராது. அதற்கு சிவில் வழக்கு வேண்டும்; பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மோசடி நடந்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு தொடங்கும்.

பலர் சமாதானத்துக்கு வருவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் முன் "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

வக்காலத்தில் உண்மையான வக்கீல் இருந்தால்?

சில இடைத்தரகர்கள் ஒரு வக்கீலின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தாங்களே வழக்கை நடத்துகிறார்கள். அப்படியானால் அந்த வக்கீல் மீது 35-ஆம் பிரிவின் கீழ் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். வக்கீல் மீதான சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் கேஸ் கட்டை ஒரு வக்கீல் பிடித்து வைக்கவும் முடியாது. இது 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

இனி கவனம்

வக்காலத்தில் கையெழுத்திடும் முன் பதிவு எண்ணையும் ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபிக்க மாட்டார். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுபவரிடம் எச்சரிக்கை. அப்படிப் பங்கு பேச வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியே தடை போடுகிறது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று கூச்சப்படத் தேவையில்லை.

பீஸ் கொடுக்க வசதியில்லை என்பதாலேயே பலர் இப்படிப்பட்டவர்களிடம் சிக்குகிறார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் வக்கீல் இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இந்த உதவி உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம். பணத்தை மீட்கும் வழக்குக்கும் இங்கேயே உதவி கேட்கலாம்.

ஏமாந்தது உங்கள் குற்றமில்லை. வெட்கப்பட்டு மறைத்தால் அதே ஆள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். விதவைகளின், யதீம்களின் பணம் அமானிதம். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அல்லாஹ் நம் அனைவரின் ஹக்கையும் பாதுகாப்பானாக, ஆமீன்.