நீல ஐ.சி., பிங்க் ஐ.சி.: உங்களுக்குத் தெரியுமா?

தமிழ் தெரிந்தால் போதும்

சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டத்தில் தமிழுக்கு ஓர் இடம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி, பதிவு மூலம் குடியுரிமை கேட்பவர் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றில் ஆரம்ப அறிவு பெற்றிருந்தால் போதும். 45 வயதானவருக்கு அதிலிருந்தும் அரசு விலக்குத் தரலாம். இதே சட்டம் 127ஆம் பிரிவில் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது: இயல்புரிமைக் குடியுரிமை. அங்கே மட்டும் தேசிய மொழியான மலாயில் போதிய அறிவு வேண்டும்.

காகிதமே இல்லாமல் வந்தவர்கள்

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய தமிழர் நாராயண பிள்ளையிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதன்பின் நூறாண்டுக்கு மேல் நிலைமை கிட்டத்தட்ட அப்படித்தான். 1933இல் அந்நியர் சட்டம் கொண்டுவந்து ஆங்கிலேயர்கள் கதவைச் சாத்தத் தொடங்கியபோதும் அது பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த ஆண்களைத்தான் தடுத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் பிரிட்டிஷ் பிரஜை. அவரை ‘அந்நியர்’ கணக்கில் சேர்க்க முடியாது. அடிமைத்தனத்தில் கிடைத்த சலுகை! 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகுதான் இந்தியர்களுக்கும் கெடுபிடி இறுகியது.

முரசு கொட்டிய குடியுரிமை

சிங்கப்பூர்க் குடியுரிமை என்று ஒன்று பிறந்தது 1957இல், நாடு சுதந்திரம் அடைவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. அன்றைய முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசு கொண்டுவந்த சட்டம் அது. வெளியூரில் பிறந்து இங்கே ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றதும் தமிழர்களில் பலருக்குத் தயக்கம். மனைவி மக்கள் ஊரில், நிலம் ஊரில், திரும்பிப் போகும் எண்ணமும் அப்படியே இருந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. பதிந்துகொள்ளுங்கள், இங்கே வேர் விடுங்கள் என்று இந்தியர்களை விடாமல் வற்புறுத்தினார். அவரே 1924இல் திருவாரூரிலிருந்து வந்தவர்தான். இன்று மூன்றாம் தலைமுறையாகச் சிங்கப்பூரர் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேரின் தாத்தா அப்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டவராக இருப்பார். சாரங்கபாணிக்கு மொழிக்காகவும் பள்ளிக்காகவும் கிடைத்த பெயரில் பாதிகூட இந்த வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

உறுதிமொழி யாழ்ப்பாணம், தேசிய கீதம் சுமத்ரா

புதிய குடிமக்கள் சடங்கில் தேசிய உறுதிமொழி சொல்லி, ‘மஜுலா சிங்கப்பூரா’ பாட வேண்டும். உறுதிமொழியை 1966இல் எழுதிய சி. ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வளர்ந்தது மலாயாவின் சிரம்பானில். கீதத்துக்கு இசையமைத்த சுபிர் சயித் சுமத்ராவின் புக்கிட்திங்கியில் பிறந்தவர். நாட்டைக் கட்டிய முன்வரிசையில் கோ கெங் சுவீ மலாக்கா, தோ சின் சாயும் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கும் பேராக். முதல் பிரதமர் லீ குவான் இயூ உள்ளூரில் பிறந்தவர்.

எழுத்தே சொல்லிவிடும்

பிங்க் ஐ.சி. குடிமகனின் அடையாள அட்டை, நீல ஐ.சி. நிரந்தரவாசியுடையது. அதிலுள்ள அடையாள எண் ‘எஸ்’ என்று தொடங்கினால் 2000க்கு முன் பிறந்த குடிமகன் அல்லது நிரந்தரவாசி. ‘டி’ என்றால் 2000 முதல் பிறந்தவர். ‘எஃப்’, ‘ஜி’ என்றால் நீண்டகால அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர். அந்த எழுத்துகளின் எண்கள் தீர்ந்துபோகும் நிலை வந்ததால் 2022 முதல் வெளிநாட்டவருக்கு ‘எம்’.

இரண்டு வருஷம் என்பது என்ன?

லிட்டில் இந்தியாவின் தேக்கா காப்பிக்கடைகளில் அடிக்கடி காதில் விழுவது: “பி.ஆர். வாங்கி ரெண்டு வருஷமாச்சுன்னா சிட்டிசன்ஷிப் குடுத்துடுவான்.” கொடுக்க மாட்டான். 21 வயதான நிரந்தரவாசி இரண்டு ஆண்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அரசமைப்புச் சட்டம் எழுத்தில் கேட்பது இன்னும் கடுமை: கடைசிப் பன்னிரண்டு ஆண்டில் மொத்தம் பத்து ஆண்டாவது இங்கே இருந்திருக்க வேண்டும். அதைத் தளர்த்தும் அதிகாரமும் அரசிடமே இருக்கிறது.

நிரந்தரவாசத்துக்கும் இதே கதைதான். விண்ணப்பம் இணையத்தில், ஆளுக்கு 100 வெள்ளி, கிடைக்காவிட்டால் காசு திரும்பாது. குடும்ப உறவு, சம்பாத்தியம், படிப்பு, வயது, எத்தனை காலம் இங்கே இருக்கிறார் என்றெல்லாம் பார்ப்பதாகக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் சொல்கிறது. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்வதில்லை. மறுத்தால் காரணமும் சொல்வதில்லை. அதனால் அந்த இடைவெளியில் ஆலோசகர்கள் கடை விரித்திருக்கிறார்கள். காற்று மாறினால் கணக்கும் மாறும்: 2008இல் சுமார் 79,000 பேருக்கு நிரந்தரவாசம் கிடைத்தது, 2010இல் 30,000க்கும் குறைவு. 2023இல் சுமார் 34,500 பேர் நிரந்தரவாசிகளானார்கள், சுமார் 23,500 பேர் குடியுரிமை பெற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நிற்பவர்களில் பலருக்கு மேலே சொன்ன வழிகள் எதுவும் பொருந்தாது. ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’, ‘எஸ் பாஸ்’ வைத்திருப்பவர் வேலையைக் காட்டி நிரந்தரவாசம் கேட்கலாம். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ‘வொர்க் பெர்மிட்’டில் உழைப்பவருக்கு அந்தப் படிவமே கிடையாது. பத்து வருஷமானாலும் சரி, இருபதானாலும் சரி. 2025 ஜூலை முதல் அவர்கள் எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டு, வயது வரம்பு 63 ஆனது. ஆனால் அது உழைக்கும் காலத்தை நீட்டியதே தவிர, இருக்கும் உரிமையைத் தரவில்லை. குடும்பத்தையும் அழைத்து வர முடியாது.

இன்னொன்று தெரியுமா? வொர்க் பெர்மிட்காரர் ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்ள மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். வேலையை விட்டு ஊருக்குப் போனபிறகும் இந்த விதி அவரை விடாது. பத்துப் பொருத்தத்துக்கு மேல் பதினொன்றாவது பொருத்தம்.

மறுகோடியில், உலக முதலீட்டாளர் திட்டத்தில் நிரந்தரவாசம் கேட்பவர் தொழிலில் போட வேண்டிய தொகை 2023இல் 25 லட்சம் வெள்ளியிலிருந்து ஒரு கோடி வெள்ளியானது.

இங்கே பிறந்தால் இந்த ஊரா?

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கேகே மருத்துவமனை. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்ததால் அது கின்னஸில் ஏறியது. ஆனால் இன்று அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தரும் உரிமை 2004 வரை அப்பாவுக்கு மட்டுமே இருந்தது. அம்மாவுக்கு அந்த ஆண்டு மே மாதம்தான் கிடைத்தது.

மகனுக்கு வரும் கடிதம்

வேலை மூலம் நிரந்தரவாசியான அப்பாவுக்குத் தேசிய சேவை இல்லை. அவர் மூலம் நிரந்தரவாசியான மகனுக்கு உண்டு: பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. சேவை செய்யாமல் நீல ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். விண்ணப்பத்தில் கைக்குழந்தையின் பெயரைச் சேர்க்கும்போது இதைப் பேசி முடிவெடுத்த குடும்பங்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

வீடு

நீல ஐ.சி. குடும்பம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. மறுவிற்பனை வீடு வாங்கவும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓட்டும் இல்லை.

இரண்டு படகில் கால் கிடையாது

சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது, இந்தியாவும் ஏற்காது. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு பலர் வாங்குவது ‘ஓசிஐ’ அட்டை, 2005 சட்டத்திருத்தத்தின் பிள்ளை. பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் உண்மையில் அது ஆயுள் விசா. ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. வீடு, மனை வாங்கலாம். தாத்தாவின் வயலை வாரிசாகப் பெறலாம், அதை ஒட்டிய இன்னொரு வயலைக் காசு கொடுத்து வாங்க முடியாது.