இருட்டுக்கு ஒரு வட்டு

2014இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் முதல் சீசனில் கொலைகாரனைவிட அதிகம் மிரட்டுவது லூசியானா மண்தான். எரித்த கரும்புக்காடு, சதுப்பு நிலம், தூரத்தில் புகை விடும் ஆலைகள், வெளிறிய வானம். ஒளிப்பதிவாளர் ஆடம் ஆர்க்கபா இவற்றை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார். இதையே இணையத்தில் பார்க்கும்போது இருட்டு கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பலரும் டிவியைத்தான் திட்டுகிறார்கள். பாவம், அது என்ன செய்யும்?

1920 x 1080 புள்ளிகள், நொடிக்கு 24 படங்கள். அப்படியே அனுப்பினால் நொடிக்குச் சுமார் 1,200 மெகாபிட் ஆகும். அதனால் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பிச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவர் என்றால் வாயும் கண்ணும்தான் அசையும், வேலை சுலபம். புகையிலும் பனியிலும் எல்லாமே அசைகிறது. ஃபிலிமின் நுண்மணிகளோ படத்துக்குப் படம் இடம் மாறுபவை. இணையத்தில் நொடிக்கு ஐந்தாறு மெகாபிட்தான் கிடைக்கும் என்றால், மென்பொருள் முதலில் கைவைப்பது நிழல்களில். கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை. விளைவு, மெல்ல மாறவேண்டிய கறுப்பு பட்டை பட்டையாக நிற்கிறது.

புளூ-ரே வட்டு படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை தரும். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் ஊதா லேசர். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளியும் சிறுக்கும், தடங்களை நெருக்கி எழுதலாம். 0.74 மைக்ரான் இடைவெளி 0.32 ஆனது, 4.7 ஜிபி இருந்த ஓர் அடுக்கில் 25 ஜிபி ஏறியது. தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால், கீறல் விழாமலிருக்க மேலே கடினப் பூச்சு வேறு.

வட்டு மட்டும் போதாது. டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஓடிக்கொண்டிருந்தால் நுண்மணிகளை அழுக்கென்று துடைத்துவிடும். தொடரின் நடிகர் மேத்யூ மெக்கானகியின் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் வசதி அதைவிட மோசம். இரண்டையும் அணைத்து, 'மூவி' மோடுக்கு மாற்றுங்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க நான்காம் எபிசோடின் முடிவு போதும். இரவில், வெட்டே இல்லாமல் சுமார் ஆறு நிமிடம் வீடு வீடாகப் புகுந்து ஓடும் காட்சி. ஓடுகிறவரின் தோளும் பின்னாலிருக்கும் சுவரும் கறுப்பிலும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.