நீலச் சாயத்துக்குள் ஒரு காந்தம்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாமே உண்டு. அந்தச் சாலையில் நீல வண்டியைக் காணும்போதெல்லாம் காப்பர் தாலோசயனின் எனக்கு நினைவுக்கு வரும். பெயின்ட், அச்சு மை, பிளாஸ்டிக் என்று உலகெங்கும் புழங்கும் நீல நிறமி அது. வெயிலில் எளிதில் வெளுக்காது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மிகச் சிறிய காந்தம் என்பது பலருக்குத் தெரியாது.

கார்பனும் நைட்ரஜனும் கோத்த தட்டையான வளையம். நடுவில் ஒரே ஒரு தாமிர அணு. அதில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் தவிரத் தற்சுழற்சி என்ற பண்பும் இருக்கிறது. இணை சேர்ந்தவை ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். தனித்திருப்பதன் காந்தமே வெளியே தெரியும். அந்தத் தற்சுழற்சியின் திசையில் தகவலைப் பதிவதுதான் ஸ்பின்ட்ரானிக்ஸ்.

பதிந்ததைப் படிக்க மின்சாரம் பாய வேண்டும். அதற்கு மூலக்கூறு உலோகத்தைத் தொட்டாக வேண்டும். சிக்கல் அங்கேதான். 1981இல் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியில் இம்மூலக்கூறுகள் நாலிதழ்க் கோலம் போலத் தெரியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோபால்ட் தாலோசயனினைத் தங்கத்தின் மேல் படியவைத்தால், அதன் காந்தத் தன்மை அடங்கிவிடுகிறது. 2005இல் சீன ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் ஊசிமுனையாலேயே அதன் ஓரத்து ஹைட்ரஜன் அணுக்கள் எட்டையும் பிரித்தெடுத்தார்கள். காந்தத்தின் அடையாளம் திரும்பி வந்தது! ஒற்றை மூலக்கூறில் செய்த அறுவை சிகிச்சை அது. இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

உலோகம் காந்தத்தைப் பறிக்க மட்டுமல்ல, கொடுக்கவும் செய்யும். கார்த்திக் ராமனும், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றும் ஜகதீஷ் மூடேராவும் 2013இல் 'நேச்சர்' இதழில் அதைக் காட்டினார்கள். கொல்கத்தா ஐசரின் வேதியியலாளர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். துத்தநாகம் கொண்ட, தன்னளவில் காந்தமற்ற கரிம மூலக்கூறைக் கோபால்ட் மேல் படியவைத்தார்கள். கோபால்ட்டைத் தொட்ட முதல் அடுக்கு அதனுடன் பிணைந்து, தானே ஒரு காந்த அடுக்காக மாறியது. ஸ்பின்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கு வழக்கமாக இரண்டு காந்த மின்முனைகள் வேண்டும். இங்கே ஒன்றே போதுமானதாக இருந்தது. அறை வெப்பநிலைக்கு அருகிலேயே, காந்தப்புலத்தால் நேரும் மின்தடை மாற்றம் 20 விழுக்காட்டைத் தாண்டியது.

காந்தப்புலத்தால் மின்தடை மாறும் உலோக அடுக்குகள், சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்களாக ஏற்கெனவே கார்களில் இருக்கின்றன. அந்த இடத்துக்குக் கரிம மூலக்கூறுகள் வர, சூட்டையும் பல்லாண்டு அதிர்வையும் தாங்கியாக வேண்டும். காந்தத்தைவிட அதுவே கடினமான சோதனை என்பது என் எண்ணம்.