நொண்டுற குஞ்சுக்கு 'நோ' சொல்லாதீங்க!

'வாத்து மடையா'ன்னு ஒரு தடவைகூட திட்டு வாங்காத ஸ்டூடண்ட் யாராச்சும் இருக்கீங்களா? கையைத் தூக்காதீங்க, நம்ப மாட்டோம்! ஆனா, நிஜ வாத்துக்குஞ்சு விஷயத்துல மடையர்கள் நாமதான் பாஸ். கூடையில மஞ்சள் பஞ்சுப் பந்து மாதிரி நிக்கிறதைப் பார்த்ததும் ஆசையா வாங்கிட்டு வந்துடறோம். வீட்டுல இருக்குற குருணையையும் உடைச்ச மக்காச்சோளத்தையும் போடறோம். கொஞ்ச நாள்ல குஞ்சு ஒரு காலை இழுக்க ஆரம்பிக்கும். நாலு எட்டு வைக்கும், உட்காரும். "இது தேறாதுய்யா... தூக்கி அந்தப் பக்கம் விடு"ன்னு வீட்டுல ஒரு பெருசு தீர்ப்பு சொல்லும். அதோட சேப்டர் க்ளோஸ்!

விஷயம் என்னன்னா, அந்தக் குஞ்சு பல சமயம் தேறக்கூடிய குஞ்சுதான். அதுக்கு வந்திருக்கிறது தலைவிதி இல்லை, பசி. வயித்துப் பசி இல்லைங்க, ஒரே ஒரு வைட்டமினோட பசி!

வயல் வாத்து, வீட்டு வாத்து

மல்லாங்கிணறு, காரியாபட்டி ஏரியா பூராவும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை மனசு வெச்சு கண்மாய் பெருகினாத்தான் நெல்லு. மத்தபடி மக்காச்சோளம், பருத்திதான். தமிழ்நாட்டுல வாத்து மேய்க்கிறவங்க அறுவடை முடிஞ்ச வயலைத் தேடித்தேடி ஊர் ஊரா பட்டியை ஓட்டிட்டுப் போவாங்க. 'சன்யாசி', 'கீரி'ன்னு நம்ம நாட்டு வாத்துகளுக்குப் பேரே சூப்பரா இருக்கும். அந்த வாத்துங்க வயல்ல சிந்தின நெல்லை மட்டுமா தின்னுது? நத்தை, புழு, பூச்சி, குட்டி மீன்னு ஃபுல் மீல்ஸ் கட்டுது. வீட்டுக்கு வந்த குஞ்சுக்கு மூணு வேளையும் வெறும் தானியம். அங்கேதான் கால் போகுது.

கோழி வேற, வாத்து வேற!

அந்த வைட்டமின் பேரு நயாசின். பி-3ன்னும் சொல்வாங்க. அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல வெளியிட்ட பட்டியல்படி, கறிக்கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்துல 35 மில்லிகிராம் நயாசின் போதும். வாத்துக்குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேணும்! ஏன்னா, சாப்பாட்டுல இருக்குற டிரிப்டோஃபேன்ங்கிற புரதச் சத்தை நயாசினா மாத்திக்கிற திறமை வாத்துக்கு ரொம்பக் கம்மி. நேரடியா கிடைச்சாத்தான் உண்டு. மக்காச்சோளத்துல நயாசின் இருக்கு. ஆனா, பூட்டுப் போட்ட பீரோவுக்குள்ள இருக்குற பணம் மாதிரி, உடம்புக்கு லேசுல கிடைக்காது. குருணையிலயோ சத்தே கம்மி.

விளைவு? குஞ்சு மளமளன்னு வளரும், கால் எலும்பு ஈடுகொடுக்காது. மூட்டு வீங்கும், கால் வில்லு மாதிரி வளையும். ஆரம்பத்துலயே கவனிச்சா சில நாள்லயே நிமிர்ந்து நடக்கும். மூட்டுல இருந்து தசைநாண் விலகிட்டா அப்புறம் பழைய நடை திரும்பறது கஷ்டம். அதனால, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'ங்கிற நம்ம செமஸ்டர் ஃபார்முலா இங்கே செல்லாது!

நொண்டிக் கோழிக்கு நோபல்

கால் தள்ளாடற பறவையைத் தூக்கிப் போடாம உத்துப் பார்த்த ஒருத்தருக்கு நோபல் பரிசே கிடைச்சிருக்கு தெரியுமா? டச்சு டாக்டர் கிறிஸ்டியான் எய்க்மன். இன்னிக்கு ஜகார்த்தான்னு சொல்ற ஊர்ல, 1890-கள்ல பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிட்டிருந்தார். அவர் வளர்த்த கோழிங்க திடீர்னு கால் துவண்டு தள்ளாடுச்சு. கொஞ்ச காலம் கழிச்சு தானாவே சரியாகிடுச்சு. எப்படின்னு குடைஞ்சார். மிலிட்டரி ஆஸ்பத்திரியில மிஞ்சின வெள்ளைச் சோத்தைக் கோழிக்குப் போட்டுட்டு இருந்திருக்காங்க. புதுசா வந்த சமையல்காரர், 'மிலிட்டரி அரிசியைக் கோழிக்குத் தர்றதா?'ன்னு நிறுத்திட்டார். கோழிங்க பழையபடி தவிடு நீங்காத அரிசிக்கு மாற, காலும் நின்னுடுச்சு! அந்தத் தவிட்டுல இருந்த சத்துதான் பி-1. எய்க்மனுக்கு 1929-ல நோபல் பரிசு வந்துச்சு. கோழிக்கு பி-1, நம்ம வாத்துக்கு பி-3. பாடம் ஒண்ணுதான்... கால் நொண்டினா, முதல்ல தட்டைப் பாரு!

ஆனா, ஒரு நிமிஷம்...

எல்லா நொண்டலும் நயாசின் இல்லை. குஞ்சைத் தூக்கி, பாதத்தைத் திருப்பிப் பாருங்க. நம்ம ஏரியாவுல சீமைக்கருவேல முள் குத்தாத கால் உண்டா? முள் இருந்தா சுத்தமான இடுக்கியால எடுத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கழுவி விடுங்க. விரல்ல நூலோ தலைமுடியோ சுத்தி இறுக்கியிருக்கான்னும் பாருங்க.

அடுத்த வில்லன், தரை. டைல்ஸ், பேப்பர் மேல விட்டா வழுக்கி, ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு போகும். பழைய சாக்கை விரிச்சாலே பாதிப் பிரச்னை தீர்ந்துடும். விரிஞ்ச கால்களை, இயல்பா நிக்கிற அளவு இடைவெளி விட்டு மெத்துன்னு பேண்டேஜால சேர்த்துக் கட்டலாம். தினமும் அவிழ்த்துப் பார்க்கணும், இறுக்கக் கூடாது. பொறிச்ச முதல் சில நாள்ல செஞ்சாத்தான் பலன்.

மெனு கார்டு

* வாத்துத் தீவனம் இல்லைன்னா கோழிக்குஞ்சுத் தீவனம் ஓகே. முட்டைக்கோழித் தீவனம் வேணாம். அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, குஞ்சுக்கு ஆகாது.

* ஒரு கப் தீவனத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பவுடர் கலந்து, தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு வைங்க. பிரெட் செய்யற ஈஸ்ட் இல்லை, அது வேற!

* ஈஸ்ட் கிடைக்கலையா? மீனை வேகவெச்சு, முள் எடுத்து உதிர்த்துப் போடுங்க. கருவாடு வேணாம், உப்பு குஞ்சுக்கு எமன்.

* பி-காம்ப்ளெக்ஸ் மருந்தைத் தண்ணியில கலக்கலாம். அளவை மட்டும் கால்நடை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

* 'சத்து'ன்னு நினைச்சு பழைய கடலைப் புண்ணாக்கைப் போட்டுடாதீங்க. 1960-ல இங்கிலாந்துல பூசணம் பிடிச்ச புண்ணாக்கைத் தின்னு ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்துச்சு, வாத்துக்குஞ்சுகளும்தான். அந்த விஷம்தான் அஃப்ளாடாக்சின். அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒருநாள் வயசு வாத்துக்குஞ்சைத்தான் பயன்படுத்தினாங்க. அவ்ளோ சீக்கிரம் பாதிக்கும்! மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை.

ரூம் ரெடியா?

விருதுநகர் மாவட்டத்துல அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? ஆனா, பட்டாசு வந்த பெட்டி மட்டும் வேணாம். மருந்துத் தூள் ஒட்டியிருக்கும், மேலே பல்பு வேற தொங்கும். யோசிச்சுப் பாருங்க! முதல் வாரம் 32 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குப் பகல்ல பல்பே தேவையில்லை. ராத்திரிக்கு 40 வாட்ஸ் குண்டு பல்பு. எல்.ஈ.டி. வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பெட்டியோட ஒரு பக்கம் மட்டும் சூடா இருந்தா, வேணும்கிற இடத்துக்கு அதுவே போயிக்கும்.

தண்ணிக் கிண்ணம், மூக்கு முங்குற அளவு ஆழம் இருக்கணும், குஞ்சு விழுந்து முங்கக் கூடாது. 'வாத்துதானே'ன்னு தொட்டியில தூக்கிப் போடாதீங்க. தாய் இல்லாத குஞ்சோட பஞ்சு ரோமம் சீக்கிரம் நனைஞ்சு, குளிர்லயே செத்துடும். வெதுவெதுப்பான தண்ணியில, கையைக் கீழே கொடுத்து, சில நிமிஷம் மட்டும் காலடிக்க விடுங்க. உடம்பு எடை காலுக்கு ஏறாது, தசைக்கு எக்சர்சைஸ்! முடிஞ்சதும் நல்லாத் துவட்டிடுங்க. மத்த குஞ்சுங்க மிதிக்காம தனியா வைக்கணும், ஆனா கூட்டம் கண்ணுல படணும். தனிமை அதுக்கு நொண்டலைவிடக் கொடுமை. தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீங்க.

இதெல்லாம் செஞ்சும் ரெண்டு மூணு நாள்ல முன்னேற்றம் இல்லையா? மூட்டு சுடுதா, சாப்பாட்டைத் தொடலையா? பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்புங்க, இல்லே 1962-க்கு போன் பண்ணுங்க. கோடையில வத்துற கண்மாயில மேஞ்ச வாத்துங்க கூட்டமா கழுத்துத் துவண்டு விழுந்தா, அது அழுகல்ல உருவாகுற விஷமா இருக்கலாம். அங்கே ஈஸ்ட் வேலைக்கு ஆகாது. உடனே டாக்டர்தான்!

எல்லாக் குஞ்சும் பிழைச்சிடும்னு சத்தியம் பண்ண முடியாது ஃப்ரெண்ட்ஸ். சிலது வளைஞ்ச காலோடவே வளர்ந்து, சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து, தன்பாட்டுக்கு வாழும். சிலது போயிடும். ஆனா, 'தேறாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாதத்தையும், ஒரு தடவை தட்டையும் பார்த்துடுங்க. ஒரு ஸ்பூன் ஈஸ்ட், ஒரு பழைய சாக்கு, மூணு நாள் பொறுமை... இவ்வளவுதான் அது நம்மகிட்ட கேக்குது!